நஸீபின் கணப்புக் கதவு

"எழுந்துட்டா! பைன் எழுந்துட்டா! பின்னாலேர்ந்து வந்து ஓக் மேல சாயறா. ஓக் அசையல. அவரு எங்க அசைவாரு, நேத்தும் இதே மாதிரிதான் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாரு. அட, இடது பக்கம் பாருங்க! இவ்வளவு நேரம் சும்மா கிடந்த ஆப்பிள் பத்திக்கிட்டா!"

கணப்பின் கண்ணாடிக் கதவுக்கு ஒரு முழம் தள்ளி முக்காலியைப் போட்டு, கையில் நெருப்பு இடுக்கியைப் பிடித்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்க நஸீப் சாயங்காலம் இப்படித்தான் கத்திக்கொண்டிருப்பார். வானொலியில் கால்பந்து ஆட்டத்துக்குச் சொல்வார்களே வர்ணனை, அந்த மாதிரி. ஆட்டக்காரர்கள் விறகுக் கட்டைகள். ஓக் கட்டை நீதிபதி. லேசில் பற்றாது, பற்றினால் லேசில் அணையாது. பைன் கட்டை வம்புக்காரி. பொரிந்து பொரிந்து பக்கத்திலிருப்பவர்மேல் விழுவாள். ஆப்பிள் கட்டை புதுப்பெண். முதலில் வெட்கப்படுவாள், அப்புறம் வீடே மணக்கும்.

சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பந்தயம் வைப்பார்கள், எந்தக் கட்டை முதலில் இரண்டாக முறிந்து விழும் என்று. பந்தயத்துக்குச் சுட்ட கஷ்கொட்டை. எப்போதும் ஜெயிப்பது வர்தா அத்தைதான். வெள்ளை முக்காட்டைக் காதுக்குப் பின்னால் இழுத்துவிட்டு, "நான் ஓரத்துல கிடக்கிற அந்த நோஞ்சான் பக்கம்" என்பாள். நோஞ்சான்தான் முதலில் முறியும். அவள் மடி நிறையக் கொட்டை கொண்டுபோவாள். வாயில் பல் கிடையாது. எதற்கு என்று கேட்டால், "ஜெயிக்கத்தான்" என்பாள்.

மலைமேல் இருக்கும் அய்ன் துல்ப் கிராமத்தில் கணப்பு இல்லாத வீடு இல்லை. ஆனால் மற்ற வீடுகளில் இருப்பது இரும்புத் தகட்டுக் கணப்பு. உள்ளே நெருப்பு எரிகிறதா தூங்குகிறதா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். நஸீப் வீட்டுக் கணப்புக்கு மட்டும் கண்ணாடி வைத்த கதவு. அதனால்தான் பனி விழ ஆரம்பித்ததும் தெருவே அவர் வீட்டுக்கு வரும். அவர் மனைவி நபீஹா, தேயிலை மாதிரிக் கசக்கிற மத்தே இலையைச் சின்னச் சுரைக் குடுவையில் அடைத்து வெந்நீர் ஊற்றுவாள். தகரக் குழாயில் ஒருவர் உறிஞ்சி முடித்ததும் குழாயின் வாயை எலுமிச்சைத் தோலால் ஒரு துடைப்பு துடைத்து, மறுபடி வெந்நீர் ஊற்றி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஒரே குடுவை, ஒரே குழாய், ஒரே எலுமிச்சைத் தோல். தோலை வைத்துக்கொண்டு துடைக்கிற வேலை வீட்டுக்காரருடையது. வேறு யாரிடமும் நஸீப் அந்தத் தோலைக் கொடுக்க மாட்டார்.

இந்த மனிதரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். முழங்கால் போகிறவரைக்கும் மலையிலிருந்து கீழே சந்தைக்கு வேன் ஓட்டியவர். வாழ்நாள் முழுக்க ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரே வருவதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பேசியே பழகிவிட்டார். "ஆடு வருது, நில்லு... ஆடு போயிடுச்சு. லாரி வருது, இவன் ஒதுங்க மாட்டான்... ஒதுங்கிட்டான், பாவம், நல்லவன்." வண்டி எங்கே நின்றாலும் இறங்கி முன்கண்ணாடியைத் துடைப்பார். துணி இருந்தால் துணி, இல்லாவிட்டால் சட்டைக் கை. கண்ணாடியில் ஒரு புள்ளி இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. வண்டியை விற்றுவிட்டார்கள். கண்ணும் வாயும் கையும் விற்கவில்லையே! அதுகள் மூன்றும் கணப்புக் கதவுக்கு வந்து சேர்ந்தன.

போன மார்கழிக் குளிரில் அந்தக் கண்ணாடி விரிந்தது.

அன்றைக்கு நல்ல கூட்டம். பைன் கட்டை ஈரம். புகை அப்பி, கண்ணாடியின் மூலையில் கரி படிந்தது. "ஆட்டக்காரர் தெரியலையே" என்று முணுமுணுத்துக்கொண்டே நஸீப் முன்னால் குனிந்தார். கை தானாகப் போனது. கையில் என்ன இருந்தது என்று இப்போது சொல்ல வேண்டாம். 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் மேலிருந்து கீழே ஒரு கோடு ஓடி, அந்தக் கோட்டுக்கு ரெண்டு குட்டிகளும் பிறந்தன.

நஸீப் மெதுவாகத் திரும்பி, தம் மனைவியின் அண்ணன் ஹமதைப் பார்த்தார்.

"மச்சான், நீ உள்ள வரும்போது என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்? கணப்பு சினிமா மாதிரி இருக்குன்னேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் செருப்பைக் கழட்டினேன்."

"மாஷா அல்லாஹ்னு சொன்னியா?"

ஹமது யோசித்தான். எதையும் புகழ்ந்தால் கண்படாமலிருக்க அதைச் சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை.

"பாத்தீங்களா! எல்லாரும் பாத்துக்குங்க! கண்ணு போட்டுட்டான். சொந்த மச்சான்! என் கல்யாணத்துல ஆட்டுத் தலையைத் தின்னவன்!"

"கண்ணு போட்டா கண்ணாடியா விரியும்? உன் வாய்தான்யா முதல்ல கோணும்" என்றான் ஹமது.

நபீஹா மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சினாள். அறையில் எலுமிச்சை கருகிய வாசனை அடித்தது. அவளுக்குப் பேசத் தெரியாது என்று நினைக்காதீர்கள். எப்போது பேச வேண்டும் என்று தெரிந்தவள்.

விரிந்த கண்ணாடி மறுநாள் உள்ளே விழுந்தது. சந்தைக்குப் போகிற பாதையில் பனி. அதற்காகச் சும்மா இருப்பாரா மனிதர்? வீடு முழுக்கக் கண்ணால் அளந்தார். ஜன்னலைப் பார்த்தார், நபீஹா ஜன்னலுக்குமுன் போய் நின்றுகொண்டாள். பிறகு சுவரைப் பார்த்தார். சுவரில் அவருடைய தாத்தா ஷேக் ஷிப்லி, சட்டத்துக்குள், மீசையோடு. அந்த மீசை சட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை போகும். கம்பளி நூலால் கதவை அளந்து, முக்காலிமேல் ஏறி அதே நூலால் தாத்தாவை அளந்தார். சரியாக இருந்தது.

"அபூ நாயிஃப், இறங்குங்க. அந்தக் கிழவரைத் தொடாதீங்க" என்றாள் நபீஹா. அபூ என்றால் அப்பா; மகன் நாயிஃப் பிறந்த நாளிலிருந்து ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. மகன் வெனிசுவேலாவில் கடை வைத்திருக்கிறான். பெயர் மட்டும் இங்கே வேலை பார்க்கிறது.

"அவருக்கு எதுக்குக் கண்ணாடி? இனிமே தூசி பட்டாத் தும்மவா போறாரு?"

"அது போட்டோக் கண்ணாடி. சூடு தாங்காது."

"ஷிப்லி தாத்தா எவ்வளவு சூடு தாங்கினாரு தெரியுமா? நாலு மாமியார்."

நஸீப் கண்ணாடியைக் கழற்றிக் கதவில் வைத்து, திருப்புளியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது. கம்பளி நூல் இழுத்தால் நீளும் என்பதை அவர் யோசிக்கவில்லை. தட்டித் தட்டி உள்ளே தள்ளிவிட்டார். சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். ஹமதை வாசலிலேயே நிறுத்தி மாஷா அல்லாஹ் சொல்ல வைத்து, சரியாகச் சொல்லவில்லை என்று மறுபடி சொல்ல வைத்து, அப்புறம்தான் உள்ளே விட்டார். புகைக் குழாயில் கண்ணேறு படாமலிருக்க நீலமணி ஒன்றும் தொங்கியது.

நெருப்பு மூண்டது. நீதிபதி உட்கார்ந்தார், வம்புக்காரி பொரிந்தாள். ஒரு சுற்று மத்தே முடிந்தது. மூலையில் கொஞ்சம் கரி. நஸீப் குனிந்தார்.

இந்தத் தடவை 'டப்' இல்லை. 'படார்'. வர்தா அத்தையின் மடியிலிருந்த கஷ்கொட்டையெல்லாம் எகிறி விழுந்தன. கண்ணாடி தூளாகி உள்ளேயும் வெளியேயும் கொட்டியது. யாருக்கும் காயமில்லை. சுவரில் ஷேக் ஷிப்லி வெறும் முகத்தோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்..." என்று ஆரம்பித்தார் நஸீப்.

"சொல்லிட்டேன்யா! ரெண்டு தடவை சொல்லிட்டேன்!" என்று கத்தினான் ஹமது.

நபீஹா துடைப்பத்தோடு வந்தாள். பெருக்கிக்கொண்டே வந்தவள் ஒரு பெரிய சில்லைக் கையில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அதில் ஒட்டிக்கொண்டு வறுபட்டிருந்தது ஓர் எலுமிச்சை விதை. அதை நகத்தால் சுரண்டி எடுத்து, கணவர் முன்னாலிருந்த தட்டில் 'டிக்' என்று போட்டாள்.

நஸீப் விதையைப் பார்த்தார். "காத்துல வந்திருக்கும்" என்றார்.

அதன்பிறகு வந்த நாட்கள் அந்த வீட்டுக்கே கெட்ட நாட்கள். கதவின் ஓட்டையில் ஆலிவ் எண்ணெய்த் தகரத்தை வெட்டி அடைத்தார். சூடு வந்தது, காட்சி போயிற்று. ஆனாலும் விடவில்லை. தகரத்தில் காதை வைத்துக் கேட்டு வர்ணனை சொன்னார். "ஏதோ விழுந்துச்சு... யாருன்னு தெரியல. பைனா இருக்கும். இல்ல, ஓக்கா? மன்னிக்கணும் நேயர்களே..." காது சுட்டது. கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி கேட்டார். பந்தயம் வைக்க முடியாமல் வர்தா அத்தை தகரத்தையே முறைத்தாள். தகரத்தில் ஒட்டியிருந்த படத்தில் ஓர் ஆலிவ் மரமும் சிரிக்கிற ஒரு பெண்ணும் இருந்தார்கள். "இவ எவ்வளவு நேரம்தான் சிரிப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஹமது அந்த நேரம் பார்த்துத்தான் வாயைத் திறந்தான். வளைகுடாவிலிருந்து அவன் மகன் மின்சாரக் கணப்பு ஒன்று அனுப்பியிருந்தான். உள்ளே நெருப்பு கிடையாது; நெருப்பு மாதிரி வெளிச்சம் ஆடும். "எங்க வீட்டுக்கு வாங்க. கரி இல்ல, சாம்பல் இல்ல, விரியறதும் இல்ல" என்றான். தெரு முழுக்க அங்கே போனது. மத்தே குடுவையும் போனது. வீட்டுக்காரன் இப்போது ஹமது. எலுமிச்சைத் தோல் ஹமது கையில்.

நஸீபும் ஒரு நாள் போனார். மச்சான் வீட்டுக்குப் போகாமல் இருந்தால் ஊர் என்ன பேசும்? சுவரோரமாக உட்கார்ந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். அங்கேயும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "இதோ இடது பக்கம் கிளம்புது... மேல போகுது... வளைஞ்சு..." நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இதையேதான் அது முன்னாடியும் பண்ணிச்சு."

"என்ன?"

"அதையே திருப்பித் திருப்பிப் பண்ணுது மச்சான். உன் நெருப்புக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும்."

தெருவுக்கே மின்சாரம் விற்கிற ஜெனரேட்டர்காரன் நேரம் பார்த்து நிறுத்தினான். வெளிச்சமும் போயிற்று, சூடும் போயிற்று. இருட்டில் பத்துப் பேர் ஓர் அணைந்த பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். நஸீப் சிரிக்கவில்லை. இருட்டிலும் ஒருவரும் எழுந்து அவர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லாததுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். பழகிவிடும், அவ்வளவுதான். மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும். இன்னும் கொஞ்ச நாள் போனால் நஸீப் தம் வீட்டில் தனியாக ஒரு தகரத்தோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பாதை திறந்த அன்றைக்கே கணப்புக் கதவைக் கீலோடு கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வேன் ஏறினார். இந்தத் தடவை நூலை நம்பவில்லை. வண்டியில் இடமில்லாததால் கதவை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார். சட்டத்துக்குள் அவர் முகம் மட்டும் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் இரும்பில் தட்டி, "வீட்ல யாரும்மா?" என்றாள். வண்டியே சிரித்தது. நஸீப் கைப்பிடியைத் திருப்பிக் கதவைத் திறந்து, "யாரும் இல்ல, நாளைக்கு வா" என்று சொல்லி மூடிக்கொண்டார். அப்புறம் சட்டத்தின் வழியாகப் பாதை தெரிய ஆரம்பித்தது. பாதை தெரிந்தால் வாய் நிற்குமா? "வளைவு வருது, ஒதுங்கு. கழுதை வருது, விடு, அது வயசானது..."

"அபூ நாயிஃப் மாமா, நான்தான் ஓட்டறேன்" என்றான் ஓட்டுநர்.

"நீ ஓட்டு. நான் பாத்துக்கறேன்."

சந்தையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற கராபெத்துக்கு எல்லோர்மேலும் எரிச்சல். கண்ணாடிமேல் மட்டும் கிடையாது. கதவை மேசைமேல் கிடத்தி, சட்டத்தின் பள்ளத்தில் ஓர் ஊசியை விட்டுச் சுரண்டினார். பழைய கண்ணாடித் தூள் வந்தது. சாம்பல் வந்தது. பிறகு கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"இது கணப்புக் கதவா, ஜாம் பாட்டிலா?"

நஸீப் கூரையைப் பார்த்தார்.

கராபெத் மேலும் சுரண்டினார். வறுபட்ட எலுமிச்சை விதைகள் ஒன்று, இன்னொன்று, இன்னும் சில. எல்லாவற்றையும் மேசை ஓரத்தில் வரிசையாக அடுக்கினார். "இத்தனை வருஷமா சுடச்சுடக் கண்ணாடியில ஈரத் தோலைத் தேச்சிருக்கே. பழசு நல்ல கண்ணாடி. அதான் இவ்வளவு நாள் உன்னைப் பொறுத்துக்கிச்சு."

"கண்ணு பட்டுடுச்சு" என்றார் நஸீப்.

"யார் கண்ணு? எலுமிச்சை கண்ணா?"

அடுப்புக்கென்றே வரும் கண்ணாடியில் அந்த அளவுக்குச் சரியாக வரக்கூடியது கடையில் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. ஓரம் முழுக்கச் சூடு தாங்கும் வெள்ளைக் கயிற்றைப் பதித்து, கண்ணாடி சட்டத்தை இடிக்காமல் மூச்சுவிட இடம் விட்டு, திருகாணிகளை விரலால் மட்டும் முடுக்கினார் கராபெத். நஸீப் திருப்புளியை நீட்டினார். கராபெத் அதை வாங்கித் தம் மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

"கேட்டுக்கோ. சூடா இருக்கும்போது ஈரம் பட்டா போச்சு. கரி புடிச்சா, அணைஞ்சு ஆறினப்புறம் காலையில துடை. இதையும் உடைச்சேன்னா, பனி உருகினப்புறம்தான் எனக்குச் சரக்கு வரும். அதுவரைக்கும் போய் உன் தகரத்தைப் பாரு."

பனி உருகினப்புறம் கணப்பு எதற்கு? நஸீப் விதைகளையெல்லாம் வழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எதுக்கு?" என்றார் கராபெத். "நட்டு வைக்க" என்றார். வறுத்த விதை முளைக்காது என்று அவருக்குத் தெரியும். நபீஹா கண்ணில் படக்கூடாது, அதுதான்.

அன்று சாயங்காலம் நபீஹா தானே வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். அண்ணன் வீட்டுக்கும் போனாள். "வாண்ணே. குடுவையைக் கொண்டா. தோலையும் கொண்டா" என்றாள். அவள் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது. எல்லோரும் வாசலில் நின்று, யாரும் கேட்காமலே, பனி உதிரும்படி ஒரே குரலில் மாஷா அல்லாஹ் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்கள். ஹமது நீலமணியைப் பார்த்து அதற்கும் தனியாக ஒருமுறை சொன்னான். கண்ணேறுமேல் பழி போட இனி வழியே இல்லை.

புதுக் கண்ணாடி! இத்தனை வருஷமாகக் கரியின் வழியாகப் பார்த்த நெருப்பு அது இல்லை. ஓக்கின் பட்டையில் ஓர் எறும்பு ஓடியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும். நஸீபுக்குக் குரல் திரும்பியது. "வந்துட்டாரு, நீதிபதி வந்துட்டாரு! புதுப் பொண்ணு உள்ள நுழையறா, முகத்தைக் காட்ட மாட்டேங்கிறா. வம்புக்காரி சும்மா இருப்பாளா..." வர்தா அத்தை நோஞ்சானைத் தேர்ந்தெடுத்தாள். கொட்டைகள் கைமாறின. குடுவை சுற்றியது. எலுமிச்சைத் தோல் நஸீப் கையில்.

அந்தப் பைன் இருக்கிறாளே, அவளால்தான். உள்ளுக்குள் பிசின் வைத்திருந்தாள். புஸ்ஸென்று ஒரு புகை. கண்ணாடியின் கீழ் மூலையில் ஒரு கரிப் பொட்டு. நெற்றிப்பொட்டு அளவுகூட இல்லை.

நஸீப் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி வலப்பக்கம் பார்த்தார். "வலது பக்கம் ஓக் நல்லா ஆடறாரு" என்றார். கண் தானாக மூலைக்கு வந்தது. "ஓக் ஆடறாரு" என்று மறுபடி சொன்னார். முக்காலி ஒரு விரல்கடை முன்னால் நகர்ந்தது. அவர் நகர்த்தவில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வார். தோல் பிடித்த கை மடியிலிருந்து எழுந்தது.

அறையில் ஒருவரும் இப்போது நெருப்பைப் பார்க்கவில்லை. எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். ஹமது குடுவையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றான்.

"நான் கை பக்கம்" என்று மெதுவாகச் சொல்லி, ஒரு கொட்டையைத் தரையில் வைத்தாள் வர்தா அத்தை.

நபீஹா தன் கையிலிருந்த கொட்டையையெல்லாம் எடுத்து அதற்கு எதிரே வைத்தாள். எதன் பக்கம் என்று சொல்லவில்லை.

கை கண்ணாடியை நோக்கிப் போனது. சூடு விரலில் படும் தூரத்தில் நின்றது. பிறகு அந்தக் கை சட்டென்று திரும்பி, எலுமிச்சைத் தோலை நஸீபின் வாய்க்குள் திணித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, முகம் அஷ்டகோணலாக, விதையோடு சேர்த்து அதை மென்று விழுங்கினார்.